செடிக்குள் வாழும் பாக்டீரியாவிலிருந்து சர்க்கரை மருந்து வருமா?

கேள்வி இது: “மூலிகைச் செடிகளுக்குள் வாழும் பாக்டீரியாக்களில் சர்க்கரை நோய்க்கு மருந்து இருக்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் சிறுகுறிஞ்சான், சீந்தில் எல்லாம் வேலை செய்வதே அந்தப் பாக்டீரியாக்களால்தானா? அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. அவருக்கு இதில் இப்போது ஏதாவது பயன் உண்டா?”

அம்மாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். செடிக்குள் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த சர்க்கரை மருந்து எதுவும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. இந்தச் செய்தியை நம்பி அவர் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. ஆனால் அவருடைய மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் வோக்லிபோஸ் என்றோ அக்கார்போஸ் என்றோ ஒரு பெயர் இருந்தால், பாக்டீரியா வழி வந்த மருந்தை அவர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அது மண்ணில் வாழ்ந்த பாக்டீரியா. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், ஆய்வாளர்கள் ஏன் இப்போது செடிக்குள் தேடுகிறார்கள் என்பது தானாகப் புரியும்.

கென்யாவில் ரூயிரு என்ற ஊர்ப்பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது ஆக்டினோபிளேன்ஸ் வகைப் பாக்டீரியா ஒன்று. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிகளைத் தடுக்கும் பொருள் எதையாவது நுண்ணுயிர்கள் செய்கின்றனவா என்று ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1970களில் தேடியபோது, இதிலிருந்துதான் அக்கார்போஸ் கிடைத்தது. 1990-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது, 1995-இல் அமெரிக்காவில் அனுமதி. வோக்லிபோஸ் ஜப்பானின் டகேடா நிறுவனத்துடையது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஹைக்ரோஸ்கோபிகஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை வேலியோலமைன் என்ற பொருளைச் செய்கிறது, அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் வோக்லிபோஸ். ஜப்பானில் 1994-இல் வந்தது. நம் ஊரில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற வேறு சர்க்கரை மருந்துகளுடன் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் எழுதித் தருகிறார்கள்.

இவை வேலை செய்யும் விதம் எளிமையானது. நான்கு இட்லி சாப்பிட்டால் உள்ளே போவது பெரும்பாலும் மாவுச்சத்து. உமிழ்நீரிலும் கணையத்திலிருந்தும் வரும் அல்ஃபா அமைலேஸ் அந்த நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக்கும். சிறுகுடல் சுவரில் இருக்கும் அல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதிகள் கடைசி வெட்டை வெட்டி, குளுக்கோஸைத் தனித்தனியாகப் பிரித்துவிடும். அதன் பிறகுதான் அது இரத்தத்துக்குள் போக முடியும். அக்கார்போஸ் பார்வைக்குச் சர்க்கரைச் சங்கிலி போலவே இருக்கும். ஆனால் வெட்ட வேண்டிய இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது. பாக்கு என்று நினைத்து வைத்த கூழாங்கல் பாக்குவெட்டியில் சிக்கிக்கொள்வது போல, நொதி அதைப் பிடித்துக்கொண்டு வெட்ட முடியாமல் நிற்கும். அதற்குள் இட்லியின் குளுக்கோஸ் மொத்தமாகப் பாயாமல் மெதுவாக இறங்கும். சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரை அளவு குறையும்.

செரிக்காமல் கீழே போன மாவுச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்று வாயுவாக்குவதால் வயிறு உப்பும். இந்த மருந்தைப் பலர் பாதியில் விடுவதற்கு அதுதான் காரணம். மருந்தின் பலனும் நடுத்தரம்தான். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் முக்கால் சதவீதம் வரை குறைந்தாலே நல்ல பலன் என்பார்கள். ஆனால் நோய் வராமல் தள்ளிப்போடுவதில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களை மூன்று வருடத்துக்கு மேல் கவனித்த ஸ்டாப்-நிட்டம் ஆய்வு 2002-இல் வெளியானது. அக்கார்போஸ் சாப்பிட்டவர்களில் 32 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது.

இடையில் ஒரு முக்கியமான விஷயம். இந்த மருந்துகளோடு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால், வீட்டுச் சீனியைக் கரைத்துக் கொடுத்தால் உடனே பலன் இருக்காது. சீனியை உடைக்கும் நொதியையும் சேர்த்தே இந்த மருந்து தடுத்து வைத்திருக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். அம்மா சீட்டில் இந்தப் பெயர் இருந்தால் வீட்டில் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

சரி, மண்ணில் கிடைத்ததைச் செடிக்குள் ஏன் தேட வேண்டும்? மண்ணை எழுபது எண்பது வருடமாகக் கிளறிவிட்டோம். தெரிந்த பொருள்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அநேகமாக எல்லாச் செடிகளுக்குள்ளும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் இவற்றை எண்டோஃபைட் என்போம். பக்கவேர் புதிதாக வெடித்து வரும் இடத்து விரிசல், இலைத்துளை, சில சமயம் விதை வழியாகவும் உள்ளே போய், செல்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் செடிக்கு நோய் தராமல் வாழ்கின்றன. பேசில்லஸ், சூடோமோனாஸ், பான்டோயா அடிக்கடி கிடைக்கும். மருந்து தேடுபவர்கள் காத்திருப்பது ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டத்துக்கு. மண்ணிலும் அதுதானே அள்ளிக் கொடுத்தது!

பாக்டீரியாவுக்கு மனிதனின் சர்க்கரை நோய் தெரியாது. அது ஏன் இப்படி ஒரு பொருளைச் செய்கிறது? அக்கார்போஸைப் பற்றி நியாயமான ஒரு கருத்து உண்டு. சுற்றியிருக்கும் மற்ற நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்னாமல் தடுத்து, தான் மட்டும் தின்பதற்காக ஆக்டினோபிளேன்ஸ் அதை வெளியே விடுகிறது என்பது. செடியோ மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த இடம், அங்கேயும் போட்டி கடுமை. அதனால் அதே மாதிரியான தடுப்புப் பொருள்கள் அங்கே உருவாகியிருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதுதான்.

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் சுவாரசியமானது. மூலிகையின் குணம் செடியுடையதா, உள்ளே குடியிருப்பவருடையதா? இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆர்டிசியா கிரனேட்டா என்று சிவப்புக் காய்கள் காய்க்கும் ஓர் அழகுச்செடி இருக்கிறது. அதன் இலையிலிருந்து எடுத்த எஃப்ஆர்900359 என்ற பொருளை வெகுநாள் செடியின் பொருள் என்றே நினைத்திருந்தார்கள். இலை ஓரத்துச் சிறு முடிச்சுகளில் வாழும், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியாத ஒரு பர்க்ஹோல்டேரியா வகைப் பாக்டீரியாதான் அதைச் செய்கிறது என்று ஜீன்களைப் படித்த பிறகு தெரிந்தது. செய்தவன் யார் என்பது ஜீன் வரை போய்த் தெளிவான கதை இது.

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. பசிபிக் யூ மரத்தின் புற்றுநோய் மருந்தான டாக்சாலை, அந்த மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சையும் செய்கிறது என்று 1993-இல் அறிவித்தார்கள். அப்புறம் உலகமெங்கும் டாக்சால் செய்யும் பூஞ்சைகள் வரிசையாக அறிவிக்கப்பட்டன. 2013-இல் ஒரு குழு அத்தகைய பூஞ்சைகளின் ஜீன்களைத் துருவிப் பார்த்தபோது, டாக்சால் செய்யத் தேவையான ஜீன்கள் அங்கே இல்லை. இருபது வருடம் போன பிறகு எழுந்த சந்தேகம் அது. அதனால்தான் சிறுகுறிஞ்சானிலோ சீந்திலிலோ ஒரு பாக்டீரியா கிடைத்தது, அதன் சாறு நொதியைத் தடுத்தது என்பதை வைத்து, அந்தச் செடியின் குணமே அந்தப் பாக்டீரியாதான் என்று சொல்லிவிட முடியாது. சிறுகுறிஞ்சானின் பேர்பெற்ற ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பே தெரியாமல் செய்பவை. பாக்டீரியாவின் நொதித் தடுப்பு வேறு சமாச்சாரம்.

முசுக்கொட்டை எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். பட்டுப்புழு தின்னும் அந்த இலையில் டிஆக்சிநோஜிரிமைசின் இருக்கிறது, ஆய்வுக்கூடப் பேச்சில் டிஎன்ஜே. குளுக்கோஸ் வளையத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கும், முக்கியமான வித்தியாசம் அதுதான். அல்ஃபா குளுக்கோசிடேஸை அது நன்றாகவே தடுக்கும். மிக்லிட்டால் என்ற சர்க்கரை மாத்திரை இதன் வழிவந்தது. இதே டிஎன்ஜேயைப் பேசில்லஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்களும் செய்கின்றன. ஒரே மூலக்கூறைச் செடியும் பாக்டீரியாவும் தனித்தனியாகச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

செடிக்குள் தேடியவர்களுக்கு என்ன கிடைத்திருக்கிறது? இந்தோனேசியாவின் போகோர் வேளாண் பல்கலைக்கழகக் குழு, அந்நாட்டில் சர்க்கரைக்குப் பயன்படும் மூலிகைகளுக்குள்ளிருந்து ஆக்டினோமைசீட்களை, அதாவது ஸ்ட்ரெப்டோமைசிஸும் அடங்கும் பாக்டீரியாக் கூட்டத்தைப் பிரித்து, அல்ஃபா குளுக்கோசிடேஸைத் தடுப்பவை அவற்றில் உண்டு என்று 2012-இல் எழுதியது. சீந்திலின் உறவான ப்ரோட்டோவாலியும் அந்த மூலிகைகளில் ஒன்று. மைசூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மூலிகைகளை எடுத்தார்கள். நம் தும்பையின் இனத்தைச் சேர்ந்த லூக்காஸ் சிலியாட்டா போன்றவற்றின் உள்ளிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ்கள் அமைலேஸைத் தடுப்பதாகவும், திசு குளுக்கோஸை உள்ளிழுப்பதைக் கூட்டுவதாகவும் 2014-இல் வெளியிட்டார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1999-இல், மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் காங்கோவின் கின்ஷாசா பக்கம் எடுத்த ஓர் இலைக்குள்ளிருந்த பூஞ்சையில், வாய்வழி கொடுத்தே எலியில் இன்சுலின் ஏற்பியைத் தூண்டும் ஒரு பொருளைக் கண்டார்கள். ஊசியில்லாத இன்சுலின் வந்துவிட்டது என்று பெரிய பரபரப்பு! அது மருந்தாகவில்லை. ஆனால் செடிக்குள் இருக்கும் உயிரிடம் இன்சுலினின் வேலையைச் செய்யும் சின்ன மூலக்கூறுகூட இருக்க முடியும் என்று காட்டியது.

இந்த ஆய்வுகளின் தரத்தை எடைபோட, ஆய்வுக்கூட மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். வேர்த்துண்டைக் கழுவி, 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சில நிமிடம், மறுபடி எத்தனால், அப்புறம் நுண்ணுயிர் நீக்கிய தண்ணீரில் பல முறை அலசல். கடைசியாக அலசிய தண்ணீரைத் தனியாக ஒரு தட்டில் ஊற்றி வைக்க வேண்டும். அதில் எதுவும் முளைக்கவில்லை என்றால்தான் பிறகு முளைப்பது உள்ளிருந்து வந்தது என்று அர்த்தம். இந்தத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத கட்டுரையை நான் மேலே படிப்பதில்லை. பிறகு வேரின் ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு, நடுத்துண்டுகளை ஸ்டார்ச் கேசீன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில், பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்து, 28 டிகிரியில் வைப்போம். இரண்டாம் நாளே வழவழவென்று பரவுபவை பேசில்லஸ் மாதிரியானவை. ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு இரண்டு மூன்று வாரம்கூடப் பொறுக்க வேண்டும். வெட்டிய முனையில் சுண்ணாம்புப் பொடி தூவியது மாதிரி, அகாருக்குள் வேர்விட்டு இறுகிய ஒரு புள்ளி வரும். மூடியைத் திறந்தால் முதல் மழையின் மண்வாசனை அடிக்கும். மழைக்கு மண்ணில் எழும் வாசனையைச் செய்வதும் இந்தக் கூட்டம்தான்.

அதை நீர்ம ஊடகத்தில் வளர்த்து, வடிகட்டிய சாற்றை நொதியோடு சேர்த்துப் பார்ப்பார்கள். இங்கேதான் ஏமாற நிறைய வழி இருக்கிறது.

அமைலேஸ் சோதனையில், உடைந்து வந்த சர்க்கரையை டிஎன்எஸ் கரைசல் போட்டுக் கொதிக்க வைத்து அளப்பார்கள். மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குப் போகும். நிறம் குறைந்தால் நொதி தடைப்பட்டது என்று கணக்கு. ஆனால் பேசில்லஸ் தானே அமைலேஸைக் கொட்டும். ஊடகத்தில் மிச்சமிருக்கும் குளுக்கோஸும் நிறம் தரும். இரண்டும் கணக்கைக் குழப்பும். இன்னும் மோசம், அதே பேசில்லஸ் புரதத்தைத் தின்னும் நொதிகளையும் விடுகிறது. அது நாம் போட்ட அமைலேஸையே தின்றுவிடும், நாம் “80 சதவீதத் தடுப்பு” என்று எழுதிக்கொள்வோம். சாறு புளித்து அமிலமாகியிருந்தாலும் நொதி சோர்ந்துபோகும். வெறும் ஊடகத்தை அதே பிஹெச்சில் ஒப்பிட வேண்டும், சாற்றைக் கொதிக்க வைத்தும் பார்க்க வேண்டும், பெரிய புரதங்களை நிறுத்தும் வடிகட்டியில் ஓட்டியும் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் தாங்கி நிற்பதுதான் சின்ன மூலக்கூறு.

அல்ஃபா குளுக்கோசிடேஸ் சோதனையில் வேறொரு சிக்கல். பெரும்பாலானோர் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த நொதியை வாங்குகிறார்கள், விலை குறைவு. அது மனிதக் குடல் நொதியின் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அக்கார்போஸ் அந்த ஈஸ்ட் நொதியை மிகப் பலவீனமாகத்தான் தடுக்கும். அதோடு ஒப்பிட்டால் எந்தச் சாறும் “அக்கார்போஸைவிடப் பல மடங்கு வீரியம்” என்று ஆகிவிடும். செய்தித் தலைப்பில் வரும் பெருமைகளில் கணிசமானவை இப்படி வந்தவை. எலிக் குடலின் நொதியில், மால்டோஸையும் சுக்ரோஸையும் வைத்துப் பார்த்தால் அந்த வீரியத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. சாற்றிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்க எல்லோரும் வழக்கமாக எத்தில் அசிட்டேட் என்ற, தண்ணீரோடு கலக்காமல் மேலே மிதக்கும் கரைப்பானைப் போடுகிறார்கள். அக்கார்போஸ், டிஎன்ஜே, வேலியோலமைன் எல்லாமே தண்ணீரில் கரைபவை, எத்தில் அசிட்டேட்டுக்கு வரவே வராது. மருந்தாக நிரூபணமான வகையைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மேலே மிதப்பதை மட்டும் சோதிக்கிறோம். அந்தத் தண்ணீரை அயனிப் பரிமாற்றப் பிசினில் ஓட்டுவது பெரிய செலவுள்ள வேலை அல்ல. காரத்தன்மையுள்ள டிஎன்ஜே மாதிரிப் பொருள்கள் அதில் பிடிபடும்.

எலிச் சோதனைக்கு வருவோம். எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்கப் போடும் ஊசி மருந்து ஸ்ட்ரெப்டோசோட்டோசின், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பது. இதுவும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் தந்ததுதான், அமெரிக்காவின் கான்சாஸ் மண்ணில் 1950களின் கடைசியில் கிடைத்தது. நோயை வரவழைக்கும் பொருளும் அதைக் கட்டுப்படுத்தும் பொருளும் ஒரே பாக்டீரியாக் கூட்டத்திலிருந்து வருகின்றன. இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குடலில் வேலை செய்யும் மருந்தா என்று பார்க்க ஒரு தெளிவான சோதனை இருக்கிறது. எலிக்கு மாவுச்சத்தோடு கொடுத்தால் சர்க்கரை ஏற்றம் குறைய வேண்டும், நேரடியாகக் குளுக்கோஸோடு கொடுத்தால் குறையக் கூடாது. இரண்டையும் செய்து காட்டும் கட்டுரைகள் குறைவு.

இவ்வளவு குறை சொன்னாலும் இந்தத் துறையை நான் விடச் சொல்ல மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அரிசியே பிரதான உணவாக இருக்கும் நமக்கு, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையை அடக்கும் மருந்துகளின் தேவை கூடுதல். வயிற்று உப்புசம் குறைந்த ஒரு தடுப்பான் கிடைத்தாலே பெரிய உதவி.

செடியைக் காப்பாற்றும் காரணமும் இருக்கிறது. பொன்கொரண்டி என்ற கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அதன் உறவான கொத்தல ஹிம்புட்டுவின் கட்டையில் குவளை கடைந்து, இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சர்க்கரை நோயாளிக்குக் கொடுப்பார்கள். அந்தக் கொடியிலிருந்து சாலசினால் என்ற வலுவான தடுப்பானை 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தார்கள். மருந்து வேரிலும் தண்டிலும் இருப்பதால், பறித்தால் கொடியே போய்விடும். இப்படிப்பட்ட செடிகளின் மூலக்கூறை உள்ளே வாழும் பாக்டீரியா எதுவாவது செய்யுமானால், அதைத் தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம், காட்டில் கை வைக்க வேண்டாம். அக்கார்போஸ் இன்றும் அப்படிப் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்துத்தான் தயாராகிறது.

தயவுசெய்து இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். மூலிகையை ஊறவைத்துப் புளிக்கவிட்டு “நல்ல பாக்டீரியா வளரட்டும்” என்று குடிப்பவர்கள் இருக்கிறார்கள். செடிக்குள் வாழ்பவற்றில் கிளெப்சியெல்லா, பர்க்ஹோல்டேரியா மாதிரி மனிதனுக்கு நோய் தருபவையும் உண்டு. சர்க்கரை நோயாளியின் எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே குறைவு. எது வளர்ந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர் யாராவது இருந்தால் அவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பது பாக்டீரியாக்களைப் பிரித்து, நாற்பதுக்கும் தடுப்புச் சதவீதம் போட்ட அட்டவணையைவிட, ஒரே பாக்டீரியாவை எடுத்து மூலக்கூறு வரை போன ஆய்வு மதிப்பு மிக்கது. கிடைத்ததை முதலிலேயே கிளிசராலில் போட்டு மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். தட்டு மாற்றி மாற்றி வளர்த்தால் சில மாதத்தில் அது அந்தப் பொருளைச் செய்வதையே விட்டுவிடும். முழு ஜீனோமையும் படியுங்கள், இப்போது அதற்கு முன்போல் செலவில்லை. அக்கார்போஸ் ஜீன் தொகுதியின் சாயல் அதில் இருக்கிறதா என்று ஆன்டிஸ்மாஷ் மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். தெரிந்த பொருளா புதியதா என்ற துப்பு அங்கேயே கிடைக்கும். சந்தேகப்படும் ஜீனை நீக்கினால் தடுப்பும் போகிறதா என்று பாருங்கள். செய்தவன் யார் என்ற கேள்விக்கு அதைவிட உறுதியான சான்று இல்லை.

அப்புறம், செடியை எடுக்கும் முன்பே காகித வேலையை முடியுங்கள். கென்யா மண்ணிலிருந்து வந்த அக்கார்போஸின் வருமானத்தில் கென்யாவுக்குப் பங்கு போகவில்லை என்ற குறை பின்னாளில் பெரிதாக எழுந்தது. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதற்கான தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான். எந்த ஊர்க் காட்டில், யார் காட்டிக்கொடுத்த செடி என்று குறித்துவையுங்கள். அந்த மூலிகை அறிவை உங்களுக்குச் சொன்னவர்களின் பங்கை எழுத்தில் வையுங்கள். பாக்டீரியாவைப் புனே, சண்டிகர் மாதிரி அரசு வைப்பகம் ஒன்றில் சேர்த்து எண் வாங்கிவிடுங்கள். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கி, வேறொரு ஊரில் வேறொருவர் வளர்த்துப் பார்த்து அதே தடுப்பு வந்தால், அன்றைக்கு அதை மருந்துக்கான முதல் படி என்று தயங்காமல் சொல்வேன்.